ஒன்பதாம் நம்பர் சுவர்

எழுத்தா? சுவத்துலயா? ஒன்பதாம் நம்பர்லயா?

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், பெயிண்டு இன்னும் காயலை, சட்டையில ஒட்டிக்கிடும். இந்த பெஞ்சில உக்காருங்க. ஒன்பதை உங்களுக்கு யாரு கொடுத்தா? ரூம் கூட்டுத பேச்சியா? அதானே பார்த்தேன். நான் பெயிண்டு வாங்க தென்காசி போன நேரம் பார்த்து சாவியத் தூக்கிக் கொடுத்திருக்கா. நான் இருந்தா கொடுத்திருக்க மாட்டேன். அவளையும் குத்தம் சொல்ல முடியாது. இருபத்தினாலு ரூம்ல பாதிக்கு மேல சுவரு ஈரம். மிச்ச ரூம்ல கட்டில் எல்லாம் வராண்டாவுக்கு வந்துட்டு. பைக் நின்னு போயி, மெக்கானிக் நாளைக்கு வான்னு சொல்லி, பையும் கையுமா வந்து நிக்கிற ஆளை இல்லன்னு அனுப்பவா முடியும்? ஒரு வருஷமா பூட்டிக் கெடந்த ரூம் அது ஒண்ணுதான், அதைத் தெறந்து விட்டுட்டா.

என்ன எழுதியிருக்குன்னு சொல்லாதீங்க. வேண்டாம். கறுப்பு மை, வரிசையா நம்பர் போட்டு, அச்சடிச்ச மாதிரி இருக்கா? அதுதான். மங்கலாத்தான் தெரியுதா? இப்ப மங்கலாத்தான் தெரியும், இந்த சீசன் ஈரமும் பட்டா பளிச்சுன்னு வந்துரும். பெயிண்டர் சம்சு பாய் அப்பவே சொன்னாரு. அண்ணாச்சி, இந்தப் பேனா மை சுண்ணாம்புக்கெல்லாம் அடங்காது, மேல ஏறி வரும்னு. வரும்போது பாத்துக்கிடலாம், அடிங்கன்னேன். வந்துட்டு, பாத்தியளா.

ஏ பேச்சி, மொட்டை மாடியில தலகாணி பூராவும் கெடக்கு, வானத்தைப் பார்த்தியா? எடுத்து உள்ள போடு. அப்படியே தம்பிக்கு ஒரு டீ.

குத்தாலத்துல சீசன்னா என்னன்னு தெரியுமா தம்பிக்கு? நீங்க திருச்சிப் பக்கம். கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனி, ஆடி, ஆவணி. மலையில சாரல் இறங்கி அருவியில தண்ணி விழுந்துட்டா, ஊரே இங்கதான். வைகாசி இருபது தேதிக்கு மேல எனக்குச் சோறு எறங்காது. தொட்டியில ஆளை எறக்கிக் கழுவணும். மெத்தையெல்லாம் பிரிச்சுப் பஞ்சடிக்கணும். ஜன்னல் வலை பார்க்கணும், ஒரு ஓட்டை இருந்தாப் போதும், குரங்கு உள்ள வந்து சோப்பைக் கூட விடாது. அது எல்லாத்துக்கும் மேல சுவரு. இங்க வாரவன் எல்லாம் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க வாரவன். தேய்ச்ச தலையோட வந்து கட்டில்ல சாய்ஞ்சு உக்காந்து டிவி பார்ப்பான். சீசன் முடிஞ்சு பார்த்தா ஒவ்வொரு கட்டிலுக்கு மேலயும் தலை தலையா எண்ணெய்க் கறை. பெரிய தலை, சின்னத் தலை, குடும்பமா உக்காந்திருக்கும் சுவத்துல. சோடா உப்புப் போட்டுத் தேய்ச்சு, சுண்ணாம்பு அடிச்சு, அதுக்கு மேல பெயிண்டு அடிச்சாத்தான் அது போகும். இருபத்திரண்டு வருஷமா இந்த லாட்ஜ்ல மேனேஜரா இருக்கேன். என் லாட்ஜ்ல போன வருஷத்துக் கறை இந்த வருஷம் வாரவன் கண்ணுல பட்டதில்ல. பக்கத்து லாட்ஜ்ல போய்ப் பாருங்க, மூணு வருஷத்துத் தலை இருக்கும்.

அதனாலதான் சொல்லுதேன், நான் செஞ்சது தப்பே இல்ல. சீசனுக்கு முன்னால சுவரை வெள்ளையடிக்கிறது தப்பா?

அந்த எழுத்து திரவியம் சார் எழுதினது. சர்வே ஆபீஸ்ல படம் வரையுற வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. கையெழுத்து அப்படி இருக்கும், ஸ்கேல் வச்ச மாதிரி. சம்சாரம் தவறின வருஷம், ஐப்பசி மாசம், ஒரு பையோட வந்தாரு. ஒரு நாளைக்கு ரூம் வேணும்னாரு. மறுநாள் இன்னொரு நாள்னாரு. பத்து நாள் கழிச்சு, மாச வாடகைக்குத் தருவீங்களான்னு கேட்டாரு. இங்க எல்லா லாட்ஜ்லயும் உள்ளதுதான் அது. சீசன் இல்லாத காலத்துல ரூம் சும்மாத்தானே கெடக்கு, மாசத்துக்கு விடுவோம். ஒரே ஒரு கண்டிசன், வைகாசி கடைசியில காலி பண்ணணும். மறுபடி புரட்டாசியில வரலாம்.

வைகாசி வந்துது. சார் எங்க போவாரு? மகள் சுகந்தி கோயம்புத்தூர்ல இருக்கு. வாங்கப்பான்னு கூப்பிடத்தான் செய்யுது. இவரு போக மாட்டேன்னுட்டாரு. அங்க போனா என்னைய உக்கார வச்சிருவா, இங்கன்னா அருவி வரைக்கும் நடப்பேன், எனக்கு நானே ராஜான்னாரு. சரின்னு நான்தான் மொட்டை மாடியில தலகாணி போட்டு வைக்கிற ஷெட்டை ஒழிச்சுக் கொடுத்தேன். மூணு மாசம் அங்கன, ஒன்பது மாசம் முதல் மாடியில ஒன்பதாம் நம்பர். இப்படி அஞ்சு சீசன். வேற எந்த லாட்ஜ்லயாவது செய்வானா?

சும்மாவும் இருக்க மாட்டாரு. சீசன் வேலை தொடங்கிட்டா என்கூடவே நிப்பாரு. இந்தா, தலைக்கு மேல போர்டு தொங்குதுல்லா, 'அறைக்குள் எண்ணெய் தேய்க்கக் கூடாது', 'குரங்கு வரும், ஜன்னலைச் சாத்தி வைக்கவும்', எல்லாம் அவரு எழுத்துதான். அதுக்கு நான்தான் கறுப்பு மார்க்கர் பேனா டப்பாவோட வாங்கிக் கொடுத்தேன். எழுதின பேனாவைத் திருப்பிக் கொடுக்கலை. கேட்டதுக்கு, எனக்குக் கொஞ்சம் எழுத வேண்டியிருக்குன்னாரு. சரி வச்சுக்கிடுங்கன்னுட்டேன். அது இதுக்குத்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஒண்ணு சொல்லணும் தம்பி. இந்த ஊர்ல எனக்குப் பேரே கெடையாது. எல்லாருக்கும் மேனேஜர்தான். டீக்கடையில மேனேஜர், பஸ் ஸ்டாண்டுல மேனேஜர். முதலாளி ராஜபாளையத்துலேருந்து போன் போட்டா, என்னய்யா மேனேஜர்ம்பாரு. வீட்டுக்காரி ஏங்கன்னு சொல்லுவா, அவளும் ஊர்ல இருக்கா, மாசத்துக்கு ஒரு தடவை போவேன். திரவியம் சார் ஒருத்தருதான் என்னைய முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. கடைசி வருஷத்துல, சாயங்காலம் மாடிப்படியில எறங்கும்போதே முணுமுணுன்னு என் பேரைச் சொல்லிக்கிட்டேதான் எறங்குவாரு. ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை. நான் இந்தக் கவுண்டர்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். சாமி பேரைச் சொல்லுத மாதிரில்லா சொல்லுதீருன்னு கேலி பண்ணுவேன். சிரிச்சுக்கிடுவாரு. இங்க வந்து நின்னு, பேரைச் சொல்லி, சாரல் இறங்கிட்டாம்பாரு. தை மாசத்துல ஏது சாரல்? இல்ல சாரும்பேன். அஞ்சு நிமிசம் கழிச்சு மறுபடி கேப்பாரு. மறுபடி இல்லம்பேன். நாலு தடவை, அஞ்சு தடவை. சில நாள் எரிச்சல் வந்துரும். ஆனாலும் ஒரு மனுசன் நம்ம பேரை அப்படிச் சொல்லிக் கூப்பிடும்போது என்ன செய்ய?

மறதி இருக்கத்தான் செஞ்சுது. இல்லன்னு சொல்லலை. வயசானா யாருக்கு இல்ல? ஒரு நாள் பக்கத்து லாட்ஜுக்குள்ள போய் ஒன்பதாம் நம்பர் சாவி கேட்டிருக்காரு. அந்த மேனேஜர் வெளிய வந்து நின்னு சிரிக்கான். நான்தான்வே வேவு பார்க்க அனுப்புனேன், உம்ம சுவத்துல எத்தனை தலை இருக்குன்னு எண்ணிட்டு வரச் சொன்னேன்னு ஒரு போடு போட்டேன். சாரும் சேர்ந்து சிரிச்சாரு. ஞாயித்துக்கிழமை காலையில சுகந்தி இந்த லாட்ஜ் போனுக்குத்தான் பேசும். கடைசி வருஷத்துல, போன் வந்ததும், ஒரு நிமிசம் இருக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு ரூமுக்கு ஏறிப் போயிட்டு வருவாரு. வந்து, நல்லா இருக்கேம்மா, மாத்திரையெல்லாம் சரியாப் போடுதேன்னு கணீர்னு பேசுவாரு. எதுக்கு மேல போறாரு, சட்டை மாத்தவான்னு நான் நெனச்சுக்கிடுவேன்.

அஞ்சாவது சீசன்லதான் ஒரு தகராறு ஆகிப்போச்சு. மாடி ஷெட்டுலேருந்து எறங்கினவரு, நேரா ஒன்பதுக்குள்ள போயிட்டாரு. அங்க விருதுநகர்க்காரங்க ஒரு குடும்பம். குளிச்சுட்டு வந்த பொம்பளைங்க போட்ட சத்தத்துல லாட்ஜே கூடிட்டு. கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தேன். அவரு மொகத்தை நீங்க பார்த்திருக்கணும். அன்னைக்கு ராவும் பகலும் ஷெட்டை விட்டு எறங்கலை. அப்பவே நான் மனசுல நெனச்சேன், அடுத்த சீசன்ல இந்த மனுசனை மொட்டை மாடிக்கு ஏத்தக் கூடாதுன்னு.

போன வருஷம் வைகாசியில முதலாளிகிட்டப் பேசினேன். சீசன்ல ஒரு ரூமை அடைச்சுப் போட முடியுமாய்யான்னு குதிச்சாரு. அடைக்கலை முதலாளி, ரூம் எண்ணிக்கை குறையாது, கவுண்டருக்குப் பின்னால என் ரூம் இருக்குல்லா, அதைச் சீசனுக்கு விடுதேன், நான் இந்தா இங்க பாய் விரிச்சுப் படுத்துக்கிடுதேன்னு சொன்னேன். ஒரு வாரம் பேசிப் பேசிச் சம்மதிக்க வச்சேன். திரவியம் சார் சீசனுக்கும் ஒன்பதுலயே இருக்கலாம்.

இதை அவருகிட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. ரூமைப் புதுசா ஆக்கிட்டு, உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டிச் சொல்லுவோம்னு ஒரு ஆசை. ஆசைதான், வேறென்ன. கண்ணுல பூ விழுந்த மாதிரி இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாரு. பேச்சி வீட்டுக்காரன் ஆட்டோ வச்சிருக்கான். அவனைக் கூட அனுப்பி, காலையிலயே தென்காசி கண் ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால கூட்டிட்டு வராதேன்னு சொல்லி அனுப்பினேன். எல்லா ரூமுக்கும் முன்னால அவரு ரூம்தான். வாடகைக்காரனுக்கு அடிக்கிறதுக்கு முன்னால அவருக்கு அடிச்சேன், பாத்துக்கிடுங்க.

ரூமைக் காலி பண்ணும்போதுதான் பார்த்தோம். கட்டிலுக்கு எதிர்த்த சுவத்துல ஒரு பழைய வேட்டியைத் திரை மாதிரி ஆணியில மாட்டியிருந்தாரு. எடுத்தா, உள்ள முழுக்க எழுத்து. மேலேருந்து கீழ வரைக்கும். அதுக்கு முந்தின வருஷம் வெள்ளையடிச்சப்ப இது இல்ல, புரட்டாசியில ரூமுக்குத் திரும்பின பெறகுதான் எழுதியிருக்காரு. பேச்சிக்கு அது தெரிஞ்சிருக்கு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஏதோ சுலோகம்னு நெனச்சு அந்தப் பக்கம் தொடப்பத்தைக் கூடக் கொண்டு போகாம இருந்திருக்கா. எனக்கு வந்துது பாருங்க கோவம். ஒவ்வொரு வருஷமும் சுவருக்காக உசிர விடுதவன் நான். அது அவருக்குத் தெரியும். 'சுவரில் எண்ணெய் படக் கூடாது'ன்னு எனக்குப் போர்டு எழுதிக் கொடுத்தவரே, நான் வாங்கிக் கொடுத்த பேனாவாலயே, என் சுவத்துல எழுதி வச்சிருக்காரு.

சம்சு பாய் பட்டை பிரஷ்ஷைக் கையில வச்சுக்கிட்டு நின்னு வாசிக்க ஆரம்பிச்சாரு. அப்புறம் திரும்பி என்னையப் பார்த்தாரு.

"அண்ணாச்சி, இது கிறுக்கல் இல்ல. ஏதோ விவரமா எழுதியிருக்கு. சார் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிப்போம்."

"லாட்ஜ் சுவரு பாய் இது. இன்னும் இருபத்திமூணு ரூம் கெடக்கு. அடிங்க."

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு வரி கூட வாசிக்கலை. சத்தியமா வாசிக்கலை. போர்டுக்கு எழுதிப் பார்த்திருப்பாரு, இல்லன்னா பொழுது போகாம எதையாவது எழுதியிருப்பாருன்னு நெனச்சேன். வாசிச்சுக்கிட்டு நிக்க நேரம் ஏது? பத்து நாள்ல சீசன். பாய் அந்தச் சுவரை மட்டும் கடைசியா அடிச்சாரு. மை மேல ஏறுது, இன்னொரு கோட்டு வேணும்னாரு. பேனாவுல எழுதினதுக்கெல்லாம் ரெண்டு கோட்டான்னு நான்தான் போதும்னுட்டேன்.

மூணு மணிக்கெல்லாம் ரூம் கல்யாண வீடு மாதிரி ஆகிட்டு. புது ஸ்கிரீன். புது உறை போட்ட மெத்தை. ஜன்னல் வழியா மலை தெரியட்டும்னு கட்டிலை இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கத்துக்கு மாத்திப் போட்டேன்.

நாலு மணிக்குச் சார் வந்தாரு. நான் முன்னால ஓடி கதவைத் தெறந்து விட்டுட்டு நின்னேன். உள்ள பார்த்தாரு. வெளிய வந்து கதவு மேல உள்ள நம்பரைப் பார்த்தாரு. மறுபடி உள்ள பார்த்தாரு.

"இது யாரு ரூம்?"

"உங்க ரூம்தான் சார். இந்த வருஷம் மொட்டை மாடிக்குப் போக வேண்டாம். சீசனுக்கும் இங்கதான். முதலாளிகிட்டப் பேசிட்டேன்."

அவரு காதுல அது விழுந்த மாதிரியே இல்ல. நேரா அந்தச் சுவத்துகிட்டப் போனாரு. கையை வச்சாரு. ஈரம் சார், ஈரம்னு நான் கத்துதேன். கையை எடுக்கலை. ரெண்டு உள்ளங்கையாலயும் சுவத்தைத் தடவுதாரு, அங்கனயும் இங்கனயும், ஸ்விட்ச் தேடுத மாதிரி. கை பூராவும் வெள்ளை.

"இங்க இருந்துது" அப்படின்னாரு.

என்ன சார் இருந்துதுன்னு கேட்டேன். என்ன இருந்துதுன்னு அவருக்குச் சொல்லத் தெரியலை.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? ஒரு நாள் பூரா நின்னு செஞ்சது. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. பாய்கிட்டச் சொல்லி அந்தக் கைத்தடத்து மேல மறுபடி ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லிட்டு, கீழ எறங்கி வந்துட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் அவரு எறங்கி வரலை. எனக்கும் வீம்பு, நான் மேல போகலை.

மறுநாள் காலையில வாசல் கேட்டுல நிக்காரு. என்ன சார்னு கேட்டா, சொர்ணம் அருவிக்குப் போனா, இன்னும் வரலைங்காரு. சொர்ணம் அவரு சம்சாரம். தவறி ஆறு வருஷம் ஆச்சு. ஆறு வருஷத்துல ஒரு நாள் கூட அந்தப் பேச்சு வந்ததில்ல. உள்ள வாங்க சார்னு கூட்டிட்டு வந்து உக்கார வச்சா, கொஞ்ச நேரத்துல மறுபடி கேட்டுல போய் நிக்காரு. மூணு நாள் அப்படி நின்னாரு. மாத்திரையை எடுத்து வச்சுக்கிட்டு எது எதுன்னு தெரியாம முழிக்காரு. நான் என்ன செய்ய? பத்து நாள் ஆகும்னு நெனச்ச சீசன் முந்திக்கிட்டு, அந்த மூணாம் நாளே அருவியில தண்ணி விழுந்துது. மதியத்துக்குள்ள கவுண்டர்ல இருபது பேரு.

அவ்வளவு பேருக்கு நடுவுல அவரு வந்தாரு. வாயைத் தெறக்கட்டும், பேரைச் சொல்லட்டும்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். சாரல் இறங்கிட்டு சார், இன்னைக்கு இறங்கிட்டுன்னு நானே சொன்னேன். என்னைய மேலயும் கீழயும் பார்த்தாரு.

"நீ யாருய்யா? என் சாவி உங்கிட்ட எப்படி வந்துது? என் வீட்டுக்காரியை எங்க?"

தோளைத் தொட்டேன். கையைத் தட்டி விட்டாரு. என்னையப் பிடிச்சு வச்சிருக்கான், யாராவது போலீசுக்குச் சொல்லுங்கன்னு சத்தம் போட்டாரு. வந்தவன் எல்லாம் என்னையப் பார்க்கான். சின்னப் பிள்ளையோட நின்ன ஒரு அம்மா பிள்ளையைப் பின்னால இழுத்துக்கிட்டா. ஆறு வருஷம் தம்பி. காய்ச்சல்ல கெடந்தா கஞ்சி வச்சுக் கொடுத்தவன் நான். என் ரூமை விட்டுக் கொடுத்துட்டு இங்க தரையில படுத்துக் கெடக்கேன், அன்னைக்கும் கூட. மறக்கிறதுன்னா சொர்ணத்தை மறக்கணும், அவ இல்லாதவ. கண்ணு முன்னால நிக்கிற என்னையவா மறக்கணும்?

அந்த ஆத்திரத்துல சுகந்திக்குப் போன் போட்டுட்டேன். உங்க அப்பாவுக்குச் சித்தம் சரியில்லம்மா, கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொன்னேன். மறுநாள் காரோட வந்துது. அழுதுது பாவம், எங்கிட்ட ஏன் அண்ணாச்சி முன்னாலயே சொல்லலைன்னு கேட்டுது. எனக்கே தெரியாதேம்மான்னேன். கார்ல ஏறும்போது அவரு திரும்பி லாட்ஜைப் பார்த்தாரு. போர்டைப் பார்த்தாரோ என்னமோ. நான் இங்க நின்னு ஆளுகளுக்குச் சாவி எடுத்துக் கொடுத்துக்கிட்டிருந்தேன். வெளிய போகலை. போயிருந்தா மட்டும் என்ன, மறுபடி யாருய்யா நீன்னு கேட்டிருப்பாரு.

ரூமைப் பூட்டினேன். ஓதம் அடிக்குது, சுவரெல்லாம் ஈரம், விட முடியாதுன்னு முதலாளிகிட்டப் பொய் சொன்னேன். ஏன்னு கேக்காதீங்க. அவரு டிரங்குப் பெட்டி உள்ள இருந்துது, அதை எடுக்க வருவாங்கன்னு வச்சிருந்தேன். கார்த்திகையில மருமகன் வந்து எடுத்துட்டுப் போனாரு. அதுக்குப் பெறகும் தெறக்கலை. நானும் உள்ள போகலை. மார்கழியில சுகந்தி போன் போட்டுது. அப்பா போயிட்டாங்க அண்ணாச்சின்னுது. ஒரு காப்பகத்துல சேர்த்திருந்தாங்களாம். நாளைக்குத் தூக்குதோம், வர முடியுமான்னு கேட்டுது. ஐயப்பன் மாலை போட்ட சாமிமாரு கூட்டம்மா, லாட்ஜை விட்டு அசைய முடியலன்னேன். கூட்டம் இருந்துது, இல்லாம இல்ல. ஆனா போகணும்னா போயிருக்கலாம். பேச்சி பார்த்துக்கிட்டிருப்பா. என்னையத் தெரியாத மனுசனைப் போய்ப் பார்த்து என்ன செய்யன்னு இருந்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் அதுதான் மனசுல ஆறலை. செத்ததை விட அதுதான்.

நாளைக்குச் சம்சு பாய் வாராரு. அதுக்குன்னு ஒரு பெயிண்டு இருக்காம், முதல்ல அதைப் பூசிட்டா எந்த மையும் மேல ஏறாதாம். தென்காசியில அதைத்தான் வாங்கிட்டு வந்தேன், அந்தா டப்பா இருக்கு. இந்த சீசனுக்கு ஒன்பதையும் விட்டாகணும்னு முதலாளி உத்தரவு. அதோட அந்தச் சனியன் முடிஞ்சுது.

டீயைக் குடிங்க, ஆறுது.

என்ன, போன்ல என்ன காட்டுதீங்க? போட்டோ எடுத்துட்டீங்களா? எதுக்கு தம்பி? எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது. வேண்டாம். அழிச்சிருங்க.

இருங்க. அழிக்காண்டாம்.

சரி, வாசிங்க. மெதுவா வாசிங்க. பேச்சி கேட்டாலும் பரவாயில்ல.

'என் பெயர் திரவியம். சர்வே ஆபீஸ். ஓய்வு பெற்றாயிற்று.' சரி. 'இது லாட்ஜ். அறை ஒன்பது. பக்கத்துக் கட்டிடம் அல்ல.' ம். 'காலை வெள்ளை மாத்திரை. இரவு மஞ்சள்.'

ம், படிங்க.

'சொர்ணம் இறந்துவிட்டாள். அருவிக்குப் போகவில்லை. வாசலில் தேட வேண்டாம்.'

ஐயோ.

இல்ல, ஒண்ணுமில்ல, நிறுத்தாதீங்க. 'ஞாயிறு காலை சுகந்தி போன். நலம் என்று சொல்லவும். மறதி தெரிந்தால் அழைத்துப் போய்விடுவாள்.' அதுக்குத்தான் மேல ஏறிப் போயிட்டு வந்திருக்காரு. ஒவ்வொரு ஞாயிறும். நான் சட்டை மாத்தப் போறாருன்னு... 'சீசனுக்கு மொட்டை மாடிக்குப் போக வேண்டும். முகம் சுளிக்க வேண்டாம். புரட்டாசியில் இதே அறை கிடைக்கும்.' கிடைச்சுது சார், சீசனுக்கே கிடைச்சுது. உங்ககிட்டச் சொன்னேனே.

இன்னும் இருக்கா? கடைசி வரியா? என்ன, ஏன் என்னையப் பார்க்கீங்க? வாசிங்க.

'கீழே கவுண்டரில் இருப்பவர் பெயர் ஆவுடையப்பன். இறங்கும்போது பெயரைச் சொல்லிக்கொண்டே இறங்கவும். யாரோ போலத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். நம் ஆள். எது மறந்தாலும் அவரிடம் கேட்கலாம்.'

ஆமா தம்பி. நான்தான். என் பேருதான் அது.

ஏ பேச்சி, அந்தப் புது டப்பாவை எடுத்து எங்கயாவது உள்ள வை. பாய் வந்தா நாளைக்கு வேலை இல்லன்னு சொல்லிரு. முதலாளிகிட்ட நான் பேசிக்கிடுதேன். தம்பி பையைக் கொண்டாந்து என் ரூம்ல வச்சிரு, தம்பி இன்னைக்கு அங்க படுத்துக்கிடட்டும். ஒன்பது சாவியை எங்கிட்டக் கொடு.

தம்பி, போனை உள்ள வைக்காதீங்க. அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசிங்க. முழுக்க வேண்டாம். பேரை மட்டும் வாசிங்க.